ராமேஸ்வரம் போயிட்டு அப்படியே திரும்பிடுறீங்களா? மாரியூர் முதல் அழகன்குளம் வரை ராமநாதபுரம் கடற்கரையில் பார்க்க என்ன இருக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு டூர் என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒரே ரூட்தான். பாம்பன் பாலத்தில் நின்று ஒரு செல்ஃபி, ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தம், தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை ஒரு ரவுண்டு, திரும்பும் வழியில் கலாம் நினைவிடம். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். மாவட்டத்தின் தலைநகரான ராமநாதபுரத்தைக்கூட பலர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனா, ரோமானிய நாணயம் கிடைத்த ஊர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சீனப் பீங்கான் துண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஊரும், கட்டபொம்மனை ஆங்கிலேயக் கலெக்டர் விசாரிக்க உட்கார்ந்த அரண்மனையும் இங்கேதான். தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை கொண்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. இத்தனை இருந்தும், இந்தக் கடல் வரலாற்றுக்கென்று தனியாக ஓர் அருங்காட்சியகம் அமைக்கும் அரசு அறிவிப்பு 2025 மார்ச் மாத பட்ஜெட்டில்தான் வந்தது.

அந்த அருங்காட்சியகத்தில் என்ன வைப்பார்கள்? அது வரும் வரை, இப்போது போனால் எதைப் பார்க்கலாம்? தெற்கு மூலையில் இருக்கும் மாரியூரிலிருந்து ஆரம்பிக்கலாம், வாங்க.

மாரியூரில் அப்படி என்ன ஸ்பெஷல்?

சாயல்குடி பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிற சின்ன கிராமம் மாரியூர். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி வரை வந்து, அங்கிருந்து கடல் பக்கம் திரும்ப வேண்டும். வழியெல்லாம் பனை மரங்கள். சாயல்குடி வட்டாரத்துக் கருப்பட்டிக்கு தென் மாவட்டங்களில் தனி மவுசு உண்டு என்பதால், திரும்பும்போது வாங்காமல் வந்தால் வீட்டில் திட்டு விழும்.

ஊரின் அடையாளம் பூவேந்தியநாதர் கோயில். அம்மன் பெயர் பவளநிறவல்லி. பெயரிலேயே பவளம் இருப்பதைக் கவனியுங்கள். பவளப் பாறைகள் நிறைந்த மன்னார் வளைகுடாவின் ஓரத்தில்தான் இந்தக் கோயில் இருக்கிறது. பெயருக்கும் கடலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதற்குச் சான்று தேடினால் கிடைக்காமல் போகலாம். ஆனா, கடற்கரை ஊர் சாமிக்குப் பொருத்தமான பெயர்தான்.

இந்தக் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் நடக்கும் 'வலை வீசும் படலம்' தான் மற்ற ஊர்களிலிருந்து மாரியூரைத் தனியாகக் காட்டுகிறது. திருவிளையாடல் புராணத்தில் வரும் கதை அது. வேதப் பொருளைக் கேட்கும்போது கவனம் சிதறிய பார்வதி, மீனவர் குலத்தில் பிறக்கிறார். நந்தி சுறாவாக மாறி, கடலுக்குப் போகிறவர்களைத் தொல்லை செய்கிறார். சிவன் ஒரு மீனவ இளைஞனாக வந்து வலை வீசி, சுறாவை அடக்கி, அந்தப் பெண்ணைத் திருமணம் செய்துகொள்கிறார். பல கோயில்களில் இந்தக் கதை மேடையிலோ மண்டபத்திலோ நடக்கும். இங்கே கடலில் வலை வீசியே நடத்துகிறார்கள். அடுத்து திருக்கல்யாணம்.

மீன்பிடி ஊரில் சாமியே மீனவராக வந்து வலை வீசுகிறார் என்றால், பார்க்க வருகிறவர்களுக்கு அது வெறும் புராணக் கதையாக இருக்காது இல்லையா? இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட முடியாது. சித்திரையில் நேரில் வந்து பார்த்தால்தான் உண்டு. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கோயிலில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

உப்பும் உடைந்த கப்பலும்

மாரியூர் என்ற பெயரை கோயிலுக்குப் போகாதவர்களும் வேறு விதத்தில் தொட்டிருக்கிறார்கள். 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உற்பத்தி வளாகம் மாரியூர் - வாலிநோக்கம் பகுதியில்தான் இருக்கிறது. 2014-ல் அறிமுகமான 'அம்மா உப்பு' ஞாபகம் இருக்கா? அதைத் தயாரித்ததும் இதே நிறுவனம்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாகக் கடல் நீர், நடுவில் வெள்ளைக் குவியல்கள் என்று அந்த நிலப்பரப்பே ஒரு காட்சி. உள்ளே போக அனுமதி வேண்டும். சாலையிலிருந்து பார்த்தாலே போதும்.

பக்கத்து வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் கப்பல் உடைக்கும் தொழில் நடந்தது. ஓடி ஓய்ந்த கப்பல்களைக் கரைக்கு இழுத்து, வெட்டி, இரும்பாக விற்கிற வேலை. குஜராத்தின் அலங் அளவுக்கு இது பெரிதாக வளரவில்லை. மாவட்டத்தில் கப்பல் அருங்காட்சியகம் வரப்போகிறது என்று சொல்லும்போது, கப்பல்கள் கடைசியாக வந்து சேர்ந்த இந்தக் கரைக்கும் அதில் ஒரு மூலை கொடுத்தால் தப்பில்லை.

ஏர்வாடி, கீழக்கரை: எங்கே நின்று பார்ப்பது?

மாரியூரிலிருந்து கடற்கரையோடு கிழக்கே வந்தால் ஏர்வாடி. சுல்தான் சையத் இப்ராஹிம் ஷஹீது பாதுஷாவின் தர்கா இருக்கும் ஊர். சந்தனக்கூடு விழாவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தும் பலருக்கு நினைவுக்கு வரும். தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். மனநலக் காப்பகங்கள் எப்படி நடத்தப்படுகின்றன என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது அதற்குப் பிறகுதான். ஊரின் வரலாற்றைச் சொல்லும்போது இதை மட்டும் தாண்டிப் போக முடியாது.

அடுத்து கீழக்கரை. முத்து, சங்கு, கடல் வாணிகம் என்று பல நூறு ஆண்டுகளாகப் பணம் புரண்ட ஊர். 'செத்தும் கொடுத்த சீதக்காதி' என்று சொல்கிறோமே, அந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இதுதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர், 17-ஆம் நூற்றாண்டின் பெரிய வணிகர். அன்று ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு மிக நெருக்கமானவர். அவரது அடக்கத்தலமும் இங்கேதான் இருக்கிறது.

கீழக்கரைக்குப் போனால் பழைய ஜும்மா பள்ளிவாசலைத் தவறவிடக் கூடாது. குவிமாடம், மினார் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. வரிசையாகக் கல் தூண்கள், பூ வேலைப்பாடு, தட்டையான கல் கூரை. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத்தைக் கட்டிய அதே கல்தச்சு மரபு. ஒரே வித்தியாசம், இங்கே தூண்களில் உருவச் சிற்பங்கள் இருக்காது. கொடியும் பூவும்தான். பள்ளிவாசலின் வயது பற்றி பல கருத்துகள் சுற்றுகின்றன. இஸ்லாம் தோன்றிய காலத்திலேயே கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். கட்டட அமைப்பை வைத்துப் பேசும் ஆய்வாளர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. எந்த வயதாக இருந்தாலும் தூண்கள் பார்க்க வேண்டியவைதான். தொழுகை நேரம் தவிர்த்து, அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

பெரியபட்டினத்துக்குச் சீனப் பீங்கான் எப்படி வந்தது?

இந்தப் பயணத்தில் அதிகம் பேசப்படாத, ஆனா அதிகம் பேச வேண்டிய ஊர் பெரியபட்டினம். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலோரத்தில் இருக்கிறது. இன்று பார்த்தால் அமைதியான ஊர். 1980-களில் தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும், ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் இங்கே ஆய்வு செய்தார்கள். கிடைத்ததில் முக்கியமானவை 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள். ஒன்றிரண்டு அல்ல, சீனாவுடன் தொடர்ந்து வியாபாரம் நடந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்குக் கிடைத்தன.

14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் தன் குறிப்பில் சொல்லும் 'தா-பா-தான்' என்ற துறைமுகம் இதுதான் என்பது கராஷிமா உள்ளிட்டோரின் கருத்து. மொராக்கோ பயணி இபின் பதூதாவும் 1340-களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்தபோது 'பத்தன்' என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கடலுக்குள் பெரிய மரத்தூண்கள் மேல் நின்ற மண்டபம், கல்லால் கட்டிய பள்ளிவாசல், திராட்சை, நல்ல மாதுளை என்று விவரம் சொல்கிறார். அந்தப் பத்தனும் பெரியபட்டினம்தான் என்கிறார்கள் சிலர். இதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை.

ஆனால் கல்வெட்டு சொல்வதில் இந்தச் சந்தேகமே இல்லை. பாண்டியர் காலத்தில் இந்த ஊருக்கு பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று பெயர். அங்கே இருந்த ஒரு சோனகர் பள்ளிக்கு, அதாவது அராபிய வழி முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கு, நிலம் கொடுத்த செய்தி 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டு எங்கே வெட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? பள்ளிவாசலில் இல்லை. பக்கத்தில் இருக்கும் திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலில்!

108 திவ்ய தேசங்களில் ஒன்று திருப்புல்லாணி. இலங்கைக்குப் போகும் முன் ராமர் கடலரசனை வேண்டி தர்ப்பைப் புல்லில் படுத்திருந்த இடம் என்பது தல வரலாறு. கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை. அமாவாசைக்கு முன்னோர் கடன் செய்ய வருகிறவர்கள் கூட்டம் அலைமோதும். அத்தனை பேரும் தாண்டிப் போகும் வைணவக் கோயிலில் ஒரு பள்ளிவாசலுக்கான தானம் பதிவாகி இருக்கிறது. அன்று கோயில் கல்தான் ஊரின் பத்திரப்பதிவு அலுவலகம் என்பதால் ஆட்சிக்கு இது சாதாரண விஷயமாகக்கூட இருந்திருக்கலாம். இன்று படிக்கிற நமக்குத்தான் வியப்பு. அப்படி ஒரு கல்வெட்டு இருக்கிறது என்று பெயர்ப்பலகையில் நாலு வரி எழுதி வைத்தால்கூட, கோயிலுக்கு வருகிறவர்கள் நின்று படிப்பார்கள்.

ராமலிங்க விலாசம்: சுவரே புத்தகம்

இனி ராமநாதபுரம் ஊருக்குள். அரண்மனை வளாகத்தில் இருக்கும் ராமலிங்க விலாசம்தான் இந்த மாவட்டத்தின் மிக முக்கியமான அருங்காட்சியகம். மாநிலத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி கட்டியது. 1710 வரை ஆண்ட இவர் காலத்தில்தான் மறவர் சீமை உச்சத்துக்குப் போனது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய அரண்மனை மாதிரி தெரியாது. உள்ளே போய் நிமிர்ந்து பார்க்கணும். சுவர், தூண், வளைவு என்று ஓர் இடம் விடாமல் ஓவியம். அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது 1710-க்கும் 1725-க்கும் இடையில் தீட்டியவை. ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன. அதெல்லாம் கோயில்களிலும் பார்க்கலாம். இங்கே மட்டும் கிடைப்பது சேதுபதியின் அன்றாடம். தஞ்சை மராத்தியர்களோடு நடந்த போர் ஒரு சுவரில். மதுரை நாயக்கர் சேதுபதிக்கு மரியாதை செய்யும் காட்சி இன்னொரு பக்கம். தொப்பியும் கோட்டுமாக ஐரோப்பியர்கள் மன்னரைப் பார்க்க வந்து நிற்பது ஒரு பக்கம். 300 வருஷத்துக்கு முன்னாடி இந்த மண்ணின் மன்னருக்கு வெளிநாட்டு வியாபாரிகள் எப்படித் தெரிந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தமிழ்நாட்டில் குறைவு.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். இது சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்த ஓவியம். ஈரம் பட்டால் உதிரும், கை பட்டால் அழுக்கேறும். ஃபிளாஷ் போடாதீர்கள், சுவரில் சாயாதீர்கள். அறிவிப்புப் பலகை வைத்த பிறகும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் சோகம்.

இதே கட்டடத்தில்தான் 1798 செப்டம்பர் 10 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்தார்கள். சினிமாவில் பார்த்த காட்சி என்று கடந்து போக வேண்டாம், பின்னணி சுவாரசியமானது. 1795-லேயே முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்துவிட்டது. ஆக, மன்னர் இல்லாத அரண்மனையில் கலெக்டர் உட்கார்ந்து இன்னொரு பாளையக்காரரை விசாரித்தார். அதற்கு முன்பு குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி என்று கட்டபொம்மனை ஊர் ஊராகப் பின்னால் வரவைத்து, பார்க்காமலேயே இழுத்தடித்திருந்தார் ஜாக்சன். பேச்சு முற்றிக் கைகலப்பாகி, லெப்டினென்ட் கிளார்க் கொல்லப்பட, கட்டபொம்மன் தப்பினார். விசாரணைக்குப் பிறகு ஜாக்சன் பதவி இழந்தார் என்பது சினிமாவில் வராத பகுதி. அடுத்த ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

கிழவன் சேதுபதி காலத்தின் இன்னொரு பக்கம் தெரிய வேண்டுமென்றால் மாவட்டத்தின் வடக்கே திருவாடானை பக்கம் உள்ள ஓரியூருக்குப் போக வேண்டும். போர்ச்சுக்கல்லில் பிறந்து இங்கே மதப்பணி செய்த அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை துண்டிக்கப்பட்டார். அவர் ரத்தம் சிந்தியதால்தான் அந்த மண் சிவந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் மண்ணை எடுத்துச் செல்கிறார்கள். 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஒரே மன்னரின் காலம்தான்: கீழக்கரை முஸ்லிம் வணிகர் அரசவைக்கு நெருக்கம், ஐரோப்பியப் பாதிரியாருக்கு மரண தண்டனை. அரச குடும்ப உறவுக்குள் நடந்த மதமாற்றமும், அதனால் மனைவியரை விலக்கி வைத்ததும் அந்தத் தண்டனைக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மதம் என்ற ஒரே வார்த்தையில் இந்த வரலாற்றை அடக்க முயன்றால் சரிப்பட்டு வராது.

அழகன்குளம்: ரோமானிய நாணயம் கிடைத்த மேடு

இப்போது விஷயத்துக்கு வருவோம். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரை பகுதியில் இருக்கிறது அழகன்குளம். வைகைக் கரையின் மேல் பகுதியில் கீழடி என்றால், கடைசியில் இந்த ஊர். இங்குள்ள கோட்டைமேடு என்ற இடத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1986-87-ல் அகழாய்வைத் தொடங்கியது. 1990-களில் பல கட்டங்கள், பிறகு 2016-17-லும் தோண்டினார்கள். கீழடி என்ற பெயர் நம் காதில் விழுவதற்கு ஏறத்தாழ 30 வருஷம் முன்னாடி!

கிடைத்தது என்ன? இரண்டாம் வேலண்டினியன், தியோடோசியஸ், ஆர்காடியஸ் ஆகிய ரோமானியப் பேரரசர்களின் நாணயங்கள். இவை கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. ரோமானியர்கள் மதுவும் எண்ணெயும் அனுப்பிய ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள், ரவுலட் ஓடுகள், தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. இதையெல்லாம் தாண்டி ஒரு சின்னத் துண்டு இருக்கிறது: கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடு. ரோமானியர்கள் ஓட்டிய பெரிய சரக்குக் கப்பலின் உருவம் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. கரையில் நின்று கப்பலைப் பார்த்த யாரோ ஒருவர் பானையில் அதைக் கிறுக்கி வைத்திருக்கிறார். சங்க நூல்கள் சொல்லும் மருங்கூர்ப் பட்டினம் இதுவாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

சரி, அழகன்குளத்துக்கு நேரில் போனால் என்ன பார்க்கலாம்? உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. அகழாய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவதுதான் தொல்லியலில் வழக்கம். பாதுகாப்புக்கு அது சரியான முறையும்கூட. கிடைத்த பொருட்களில் சிலவற்றை ராமலிங்க விலாசத்தில் வைத்திருக்கிறார்கள். கோட்டைமேட்டில் நிற்கிறவருக்கு அது வெறும் மேடு.

இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் என்ன கிடைத்தது என்று கண்ணால் பார்த்த ஊர்க்காரர்தான், அஸ்திவாரம் தோண்டும்போது பானை ஓடு வந்தால் அதிகாரிகளுக்குச் சொல்வார். பார்க்காதவருக்கு அது உடைந்த சட்டி. மண்ணோடு மண்ணாக லாரியில் போய்விடும். இந்த மாதிரி மேடுகளுக்கு மழையும் கடல் காற்றும்கூட இரண்டாவது எதிரிகள்தான்.

கீழடியில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம், பொருட்கள் கிடைத்த ஊருக்கே மக்களை வரவைத்தது. பக்கத்து மாநிலமான கேரளாவில் முசிறி பாரம்பரியத் திட்டம் இன்னொரு மாதிரி. ஒரே பெரிய கட்டடம் கட்டாமல், பரவூர் யூதத் தேவாலயம், பாலியம் அரண்மனை, கோட்டப்புரம் கோட்டை என்று பக்கத்துப் பக்கத்து இடங்களைப் படகு வழியாக இணைத்தார்கள். துருக்கியில் காஸியாந்தெப் நகரத்தின் ஸூக்மா அருங்காட்சியகமும் கவனிக்க வேண்டியது. யூப்ரடீஸ் ஆற்றில் அணை கட்டியபோது, தண்ணீருக்குள் போகவிருந்த பழைய ரோமானிய நகரத்தின் மொசைக் தரைகளைப் பெயர்த்தெடுத்து, அதே வட்டாரத்தில் 2011-ல் திறந்தார்கள். இன்று அந்த நகரத்துக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வருவதில்லை.

நாவாய் அருங்காட்சியகம் எப்படி இருக்கும்?

2025 மார்ச் 14 பட்ஜெட்டில், நிதித்துறையையும் தொல்லியல் துறையையும் சேர்த்துக் கவனித்த அமைச்சர் தங்கம் தென்னரசு, ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் 'நாவாய் அருங்காட்சியகம்' அமைக்கப்படும் என்று அறிவித்தார். நாவாய் என்றால் கப்பல். தமிழர்களின் கடல் வாணிகத்தைச் சொல்வதுதான் நோக்கம்.

பெயர் அருமை. ஆனா, இந்தக் கடற்கரையின் கதை சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. அழகன்குளத்து ரோமானிய நாணயத்திலிருந்து பெரியபட்டினத்துச் சீனப் பீங்கான், கீழக்கரை வணிகம், தனுஷ்கோடி போட் மெயில் என்று 20-ஆம் நூற்றாண்டு வரை அறுபடாமல் வருகிறது. சங்க காலத்து அரங்கை மட்டும் பிரமாண்டமாக அமைத்துவிட்டு மற்றதை ஓரத்தில் ஒட்டினால், பாதிக் கதைதான் கிடைக்கும். முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கிக் குளித்தவர்கள், இன்றும் கடல்பாசி எடுக்கும் பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள் எல்லாரும் இந்த வரலாற்றின் உள்ளே இருப்பவர்கள்தானே?

ராமேஸ்வரம் தீவில் எதை விடக் கூடாது?

தீவு பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள். கட்டி முடித்தது 18-ஆம் நூற்றாண்டில், சேதுபதிகள். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

தனுஷ்கோடியில் சுவர் மட்டும் நிற்கும் தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ரயில் ஏறி, இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம் என்றிருந்த காலம் அது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு சேர்த்து எல்லாம் போனது. அந்த ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை.

இதோடு தொடர்புள்ள மண்டபம் முகாமைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை, நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்து அனுப்பிய இடம் அது. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் இயங்கியதும் அங்கேதான். மலையகத் தமிழர்களின் எத்தனையோ குடும்பக் கதைகள் தொடங்கிய வாசல் அது. பாம்பன் பக்கம் குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது. சிகாகோ சென்று திரும்பிய அவர் 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது, வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் தேசிய நினைவகம் 2017 ஜூலை 27 முதல் இயங்குகிறது. ஊருக்குள், பள்ளிவாசல் தெருவில் அவர் குடும்ப வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. நேரம் குறைவென்றால் வீட்டுக்குப் போங்கள். நினைவகத்தைவிட அந்தக் குறுகிய தெருவும் மாடிப்படியும்தான் அவரைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

எப்படிப் போவது?

ராமநாதபுரத்தில் தங்கி இரண்டு நாள் ஒதுக்கினால் தீவைத் தவிர மற்றதைப் பார்த்துவிடலாம். முதல் நாள் காலையில் உத்திரகோசமங்கை. 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று ஊர்ப்பக்கம் சொல்வார்களே, அந்தக் கோயில்தான். அங்குள்ள மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போது மட்டும்தான் காப்பில்லாமல் பார்க்க முடியும். அங்கிருந்து சாயல்குடி, மாரியூர். பிறகு கடற்கரையோடு வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை என்று திரும்பலாம். இரண்டாம் நாள் ராமலிங்க விலாசம், திருப்புல்லாணி, சேதுக்கரை, பெரியபட்டினம். அழகன்குளம் போகிறவர்கள் முதலில் ராமலிங்க விலாசத்தில் அந்த ஊர்ப் பொருட்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்போதுதான் கோட்டைமேட்டில் நிற்கும்போது கால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஓரியூர் எதிர்த்திசை என்பதால் தனியாக ஒரு அரை நாள் வைத்துக்கொள்ள வேண்டும். திருவாடானை, தொண்டி பக்கம் வேலை இருந்தால் சேர்த்துப் பார்க்கலாம்.

மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும். அருங்காட்சியகத்துக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு, பராமரிப்பு வேலைக்காகவும் மூடுவார்கள். ராமலிங்க விலாசம் திறந்திருக்கிறதா என்று ராமநாதபுரத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள். மாரியூருக்குப் பஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் சாயல்குடியில் திரும்பும் நேரத்தையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் அந்தக் கடற்கரையில் நிழல் என்றால் பனை நிழல்தான். தண்ணீர் பாட்டிலை மறந்துடாதீங்க.